கழற்றி வைத்த காது

பேருந்து வடவள்ளியைத் தாண்டியதும் சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது கோகிலவாணிக்குக் கேட்டது. முதலில் அதை இஞ்சின் உறுமலின் ஒரு பகுதி என்றுதான் நினைத்தாள். பிறகு அது தனியாகப் பிரிந்து வந்தது, அவசரமே இல்லாமல், வாட்டசாட்டமான ஒருத்தி பகல் தூக்கத்தில் மூச்சு விடுவதைப் போல. சிறுவாணித் தண்ணீர். மலையிலிருந்து இறங்கி, தாருக்கும் ஜல்லிக்கும் கீழே, இருட்டுக்குள் நகரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது, தாங்களும் அதன் மேலேயே மிதந்து போகிறோம் என்று அவள் நினைத்தபோது பஸ் பரிசலாகி லேசாக ஆடியது. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் கணவன் சம்பத், அவன் மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அடைத்த துணிப்பை. போய்ச் சேர்ந்ததும் டாக்டர் ஷெரின் கேட்பார், என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்று. சரி என்றால் அடுத்த வாரம் ஆபரேஷன். வேண்டாம் என்றால் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் இந்தப் பட்டையை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலையில் குளிக்கும்போது முடிவு பண்ணிவிட்டதாகத்தான் நினைத்தாள். தலை துவட்டும்போது அது வேறு முடிவாக இருந்தது. இப்போது முன் சீட்டில் உறங்கும் பெண்ணின் வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவது கேட்கிறது, பின்னால் எங்கோ யாரோ மாத்திரை அட்டையைப் பிதுக்குவது கேட்கிறது, கண்டக்டரின் தோல்பைக்குள் சில்லறை புரளுவதற்கு முன்னால் அவன் விரல் தோலில் உராய்வதுகூடக் கேட்கிறது. எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன, தூரம் என்ற ஒன்றையே யாரோ புடவை மாதிரி மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள்.

பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்குக் குயிலின் பெயரை வைத்துவிட்டோமே என்று அவள் அம்மா வெகுகாலம் கூசிப்போயிருந்தாள். பெயர் வைத்தபோது தெரியாது, தெரிந்த பிறகு மாற்ற மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஆபரேஷன் செய்து மண்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் கருவி அதற்குச் சத்தத்தை அனுப்பும். வீட்டில் அந்தக் கருவிக்குப் பெயரே காது. வாணி, காதை எங்க வெச்ச. வாணி, காது நனையப் போகுது பாரு. மற்றவர்களுக்குக் காது தலையில் ஒட்டியிருக்கும், தனக்கு மட்டும் அது ஜன்னல் திட்டிலும் அரிசி டப்பாவின் மேலும் தலையணை ஓரத்திலும் இருக்கும் என்பது அவளுக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தூங்கப் போகும்போது அதைக் கழற்றி வைத்ததும் வருகிற அமைதி, அதை அமைதி என்று சொல்வதும் சரியில்லை, அமைதி என்றால் சத்தம் எழுந்து போன இடம், இது சத்தம் வந்தே இராத இடம், கல்லுக்குள் இருக்கும் குளிர்ச்சி மாதிரி. அதற்குள் இறங்கித்தான் தூங்குவாள், அதற்குள்தான் விழிப்பாள். கல்யாணமான புதிதில் சம்பத்திடம் அதை விளக்கப் பார்த்தாள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, என்ற ரத்தம் ஓடறதுதான் கேக்குது என்றான். பாவம், அவனுக்கு வெளியே போக வழியில்லை. சரி என்று சொன்னால் இனி எனக்கும் இருக்காது. புதிய கருவி முழுக்கத் தோலுக்கு உள்ளேயே போய்விடும். கொக்கி கிடையாது, கழற்றுவது கிடையாது. மனிதக் காதுக்கு எட்டாததெல்லாம் எட்டும். சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு அணைக்க முடியாது, பாதுகாப்புக்காகக் கம்பெனி அப்படித்தான் செய்திருக்கிறது என்றார் டாக்டர் ஷெரின். அதைப் பழகிப் பார்க்கத்தான், பழைய காதுக்குப் பதிலாக, இந்தப் பட்டை. இதையே வைத்துக்கொள்ளவும் முடியாது, சில வாரங்களில் தோல் கன்றிவிடும், இப்போதே நெற்றியோரம் எரிகிறது. பழைய கருவி உங்க குறையைச் சரி பண்ணுச்சு, இது அதுக்கும் மேலே, என்றார் டாக்டர். மேலே. அந்தச் சொல்லை இதுவரை யாரும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. மற்றவர்களை எட்டிப் பிடிக்கவே பாதி ஆயுள் ஓடிவிட்டது. அவர்களைத் தாண்டிப் போய் நின்று திரும்பிப் பார்க்கலாம் என்றால் ஆசையாகத்தான் இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது.

லாலி ரோடு சிக்னலில் பஸ் நின்றது. இஞ்சின் தணிந்ததும் தண்ணீர் மறுபடியும் மேலெழுந்து வந்தது. அவளுக்குப் பிழைப்பே தண்ணீர்தான், குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். பட்டை கட்டிய புதிதில் பாரிஜாத நகரில் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. மண்ணுக்கடியில் எங்கேயோ பழைய குழாய் விரிசல் விட்டு, சாக்கடை அதற்குள் கசிகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தது. அந்த வெயிலில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நடந்தாள். உள்ளங்கால் பொசுங்கியது. கீழே தண்ணீர் தெருத்தெருவாகப் பிரிந்து, வீடு வீடாக ஏறி, தொட்டிகளில் விழுந்து, பாத்திரங்களில் நிறைந்து, அப்பா, எத்தனை அழகாக இருந்தது, ஊருக்கே ஒரு நாடித்துடிப்பு இருப்பதைப் போல. பேக்கரிக்கு முன்னால், தேங்காய் பன் வாசனைக்கு நேர் கீழே, அந்த ஓட்டத்தில் ஒரு தடுக்கல் இருந்தது, சரளமாகப் பேசிக்கொண்டு போகிறவள் ஒரே சொல்லில் திக்குவது மாதிரி. இங்கே தோண்டுங்க என்றாள். அங்கேதான் இருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அதன் அம்மா தேடி வந்து வாணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பெண்ணின் வயிறு காலியாக இரைவது கேட்டது, எப்போதிலிருந்து சாப்பிடவில்லையோ. செயற்பொறியாளர் சுபத்ரா மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது இனிமேல் உன் காது இல்ல வாணி, ஊர்ச் சொத்து, என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். வாணிக்கு மட்டும், தன் தலையில் யாரோ வேலிக்கல் நடுவதைப் போல இருந்தது. வெளியே வந்தபோது குழாய் ஆய்வாளர் சாதிக் கேட்டார், நாளைக்கு எங்களையும் காதைத் தொளைச்சுக்கச் சொல்லுவாங்களா மேடம் என்று. அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரித் தூக்கத்தில் ஊர் முழுக்க ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்டபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். கனவில் அது பயமாக இல்லை. விழித்த பிறகுதான் பயமாக இருந்தது.

உதடு படிக்கிறவளுக்கு ஒட்டுக்கேட்பது புதிதா என்ன. சின்ன வயதிலேயே மண்டபத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோடியில் பேசுவதைப் படித்துவிடுவாள். ஒரு கல்யாணத்தில் சித்தி ஒருத்தி தூண் மறைவில் தனியாக நின்று, உதடு மட்டும் அசைய, என்னையக் கூட்டிட்டுப் போயிரு, கூட்டிட்டுப் போயிரு, என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே ஆள் யாரும் இல்லை. சித்தி நிமிர்ந்தாள், வாணியின் கண்ணைப் பார்த்தாள், தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. தாழ்ப்பாள் போடாத குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டதைப் போன்ற முகம். அதற்குப் பிறகு யாராவது தனியாக இருப்பதாக நினைத்துப் பேசினால் வாணி கண்ணைத் திருப்பிக்கொள்வாள். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாக வந்த பழக்கம். கண்ணைத் திருப்பலாம், மூடலாம், காதுக்கு இமை கிடையாது. இந்தப் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரிலும் இமை வைத்த காது அவள் ஒருத்திக்குத்தான், அந்த இமையைத்தான் அறுத்தெடுத்துவிட்டு மேலே என்கிறார்கள். ஆனால் குழந்தை. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் எனக்கு இமை வேணுங்க என்று சொல்ல முடியுமா. எண்ணம் இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் இங்கேயே சிக்கிக்கொள்கிறது, கருவேல முள்ளில் முந்தானை மாட்டிக்கொண்ட மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. இதில் சம்பத் வேறு. சம்பத்தை நினைக்கக் கூடாது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே பார்த்தால் மட்டும் என்ன, அவன் நெஞ்சு இடது தோளுக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறது.

தூங்கும்போதும் பட்டை வேலை செய்யட்டும், மூளை பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் சம்பத்திடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்ல விட்டுப்போயிற்று. தலையில் இருந்தாலும் அணைத்து வைத்திருப்பாள் என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். முதல் நாள் விடியலில் அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவன் காபியோடு வந்து கட்டில் விளிம்பில் உட்காரும் கிறீச்சொலி, டம்ளரைத் தரையில் வைக்கும் ஓசை, பிறகு, இன்னிக்கும் எந்திரிச்சுட்டேன் வாணி, என்ற குரல். போனில் பேசுகிறான் என்று நினைத்தாள். அப்புறம்தான் தன் பெயர் உறைத்தது. அவன் அண்ணன் முரளி ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அண்ணன் வயசைத் தாண்டிட்டேன் வாணி, இனிமே அவன் எனக்குத் தம்பி, என்றான் சம்பத். படுக்கறதுக்குப் பயமா இருக்குது. அம்மா போனப்ப அழுகையே வரல, அப்பாடான்னு இருந்துச்சு, அதை யாருகிட்டச் சொல்றது. ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதைப் போலப் பேசினான். இது வருஷக்கணக்காக நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அந்தக் கல்லின் குளிர்ச்சிக்குள் கிடந்த ஒவ்வொரு விடியலிலும் அவன் வெளியே உட்கார்ந்து அவள் முதுகிடம் பேசியிருக்கிறான். பேசி முடித்ததும் தோளைத் தொடுவான். அவள் புரண்டு எழுந்து, பட்டையில் இல்லாத ஒரு பொத்தானை அழுத்துவது போல் பாவனை செய்து, பொழுது விடிஞ்சிருச்சுங்களா என்பாள். எந்த மேடையிலும் ஏறாதவள், தினமும் அந்த நாடகத்தைப் பிசகில்லாமல் நடித்தாள். போன வாரம் ஒரு நாள் அவன் சொன்னான், ஆபரேசன் வேண்டாம்னு சொல்லோணும்னு இருக்குது, சொல்ல மாட்டேன், உன்ற காது, நீதான் முடிவு பண்ணோணும், ஆனா அதுக்கப்புறம் நான் இதையெல்லாம் எங்க போய்ச் சொல்றது. அன்றைக்கு அவளால் உடனே புரண்டு எழ முடியவில்லை. தோளை இரண்டு முறை தொட வேண்டியிருந்தது. காபி குடிக்கும்போது அவளாகவே கேட்டாள், ஆபரேஷனைப் பத்தி என்ன நினைக்கறீங்க என்று. உன்ற இஷ்டம் என்றான், புன்னகையோடு. எதை எடுத்துக்கொள்வது. கொடுத்த சொல்லையா, கொடுக்காத சொல்லையா. அவன் வேண்டாம் என்பதற்காக வேண்டாம் என்றால் திருடிய பொருளை வைத்துக் குடித்தனம் நடத்துவதாகும். தெரிந்துகொண்டே சரி என்றால் அவன் சொல்லாமல் விழுங்கியதன் மேல் காலை வைத்து ஏறிப் போவதாகும். கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்காமல் இருந்திருந்தால் அவன் நெஞ்சைப் பற்றியும் தெரிந்திருக்காது. தெரியாமல் இருந்திருந்தால்.

இதோ, இப்போதுகூட. லப், டப், லப், டப், சீராகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு இடம் காலியாக நிற்கும், படி இருக்கிறதென்று நினைத்துக் கால் வைத்தால் படி இல்லாத மாதிரி, பிறகு ஒரு கனத்த அடியோடு மறுபடி ஆரம்பிக்கும். முரளி அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ. பக்கத்தில் கேட்க ஒரு காது இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ. காது கேட்கிறது, என்னவென்று சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியும், ரத்தத்தைப் பற்றித் தெரியாது. ஒரு காலியிடம் வந்து போயிற்று. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வளையல்கள் உரசின, டிரைவர் கியர் மாற்றினான், தண்ணீர் இடப்பக்கம் திரும்பி அவர்களை விட்டுப் பிரிந்து போயிற்று. எல்லாம் தூரத்தில் நடப்பது போல, தூரம் மறுபடியும் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது போல இருந்தது. காலியிடம் வந்தது.

"ஏனுங்க" என்றாள்.

"ம்."

"காலைல நீங்க பேசறது எனக்குக் கேட்டுச்சுங்க."

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுதான் முதலில் புரிந்துகொண்டது, ஓட ஆரம்பித்தது. எந்தக் காலைல என்று கேட்டான். எல்லாக் காலைலயும்தான், இதைக் கட்டினதுல இருந்து, என்றாள். அவன் துணிப்பையின் காதைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். அண்ணனைப் பத்திச் சொன்னதுமா என்றான். தலையை அசைத்தாள். அம்மாவைப் பத்தி. அதற்கும் அசைத்தாள். மூன்றாவதை அவன் கேட்கவில்லை. முன் சீட்டுப் பெண் விழித்து, நிறுத்தம் எது என்று பார்த்துவிட்டு, மறுபடி உறங்கிப்போனாள். மேம்பாலத்தின் நிழல் பஸ்ஸுக்குள் புகுந்து எல்லோருடைய மடியின் மேலும் ஊர்ந்து பின்பக்கமாக வெளியேறியது.

"அது உனக்குச் சொன்னதில்ல வாணி" என்றான் கடைசியில்.

"தெரியுங்க. அதனாலதான் கேட்டதை உங்ககிட்டயே திருப்பிக் குடுக்கறேன்."

அவன் ஜன்னலைப் பார்ப்பதுபோல அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பஸ்ஸில் வேறு யாருக்கும் கேட்டிருக்க முடியாத தணிந்த குரலில் சொன்னான். கேட்கிறவர்களிடம் சொன்னால் அது அவர்களுக்குச் சுமையாகிவிடும், ஆறுதல் சொல்வார்கள், மறுநாள் விசாரிப்பார்கள். அவளிடம் சொன்னால் சொன்ன மாதிரியும் ஆகும், சொல்லாத மாதிரியும் ஆகும். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. இப்போது அம்மணமாக உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னான். கோபம் இருக்கிறதா என்று அவள் அவன் மூச்சில் தேடினாள், தேடிக்கொண்டிருப்பது உறைத்ததும் வெட்கமாகப் போயிற்று. திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் மறுபடியும் திருடி மாதிரி அவன் பைக்குள் கையை விடுகிறேனே. இதுதான் என்றைக்கும் இருக்கும். உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் சாகும்வரை அவன் மூச்சில் தேடிக்கொண்டே இருப்பேன், நல்ல எண்ணத்தோடுதான் தேடுவேன்.

"இன்னொண்ணு இருக்குதுங்க" என்றாள். "உங்க நெஞ்சு நடுநடுவுல ஒரு துடிப்பை விட்டுட்டுப் போகுது. எனக்கு அது என்னன்னு தெரியல. டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

அவன் கை தானாகச் சட்டைப் பைக்கு மேல் போயிற்று. இப்பக் கேக்குதா என்றான். கேட்கிறது என்றாள். இறங்கும்வரை அவன் அந்தக் கையை எடுக்கவில்லை.

அவிநாசி ரோட்டில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குள் போய், அவனை ஈசிஜி எடுக்கும் இடத்தில் விட்டுவிட்டு அவள் மேலே ஏறினாள். ஏறும்போதும் முடிவு இருக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் சுவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், யாரோ விசும்பினார்கள், யாரோ ஒருவர் மூடிய கதவுக்குள் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையோடு. மொட்டை மாடிவரை ஏறினாலும் இது நிற்காது. டாக்டர் ஷெரின் கேட்டதும் அவள் வாயிலிருந்து வேண்டாம் என்று வந்தது. அவ்வளவு சின்னச் சொல்லாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாரிஜாத நகரை மறந்துட்டீங்களா, என்று மெதுவாகக் கேட்டார். மறக்கவில்லை என்றாள். இன்னொரு தெருவில் இன்னொரு குழாய் உடையும், அதைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நாளாகும், அந்த நாட்களில் யாருடைய பிள்ளையாவது படுத்துக்கொள்ளும், அப்போது இந்த அறை ஞாபகத்துக்கு வரும், அது தெரிந்துதான் சொல்கிறேன் என்றாள். "கழட்டி வெக்கற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுங்க டாக்டர். அன்னிக்கே வந்து படுத்துக்கறேன்." டாக்டர் எழுந்து வந்து, கன்றிய தோல் வலிக்காமல் பட்டையை அவரே அவிழ்த்தார்.

கீழே வந்தபோது சம்பத் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். கையில் சுருண்ட ஈசிஜி தாள். உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொன்னான், ஒண்ணுமில்லையாம், பாதிப் பேருக்கு இப்படி எப்பவாவது ஒண்ணு தவறுமாம், காபியைக் குறைக்கச் சொல்றாங்க. இத்தனை நாள் அவளைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் காலியிடத்துக்கு அவ்வளவுதான் விலை, ஒரு டம்ளர் காபி. சிரிக்க வேண்டும் போலிருந்தது. சுவரோரம் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். துணிப்பையிலிருந்த அவளுடைய பழைய காதை எடுக்கப் போனவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்று தலையசைத்தாள். ஸ்ட்ரெச்சர் ஒன்று சத்தமில்லாமல் உருண்டு போனது. வெள்ளையுடுப்பு நர்ஸ் ஒருத்தி சத்தமில்லாமல் யாரையோ கூப்பிட்டாள். வெளியே அவிநாசி ரோடு முழுவதும் மீன்தொட்டி மாதிரி வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைப் படம் படமாக வரைந்து ஒட்டியிருந்தார்கள். முதல் படத்தில் தண்ணீர், அடுத்ததில் சோப்பு, பிறகு விரல்களுக்கு நடுவே தேய்க்கும் விரல்கள். அவள் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெஞ்சு அதிர்ந்தது. மிகவும் லேசாக, விட்டு விட்டு. சம்பத் பேச ஆரம்பித்திருந்தான். குரல் இரும்பு வழியாக வந்து அவள் தொடை எலும்பில் ஏறியது, சொல்லாக ஆகாமல் அங்கேயே தங்கியது. கொஞ்சம் திரும்பினால் போதும், உதடு தெரியும். அவள் நகத்தைக் கழுவும் படத்துக்குப் போனாள், மணிக்கட்டைக் கழுவும் படத்துக்குப் போனாள், எல்லாம் முடிந்ததும் முதல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். பெஞ்சு அதிர்ந்துகொண்டே இருந்தது.